செதறாம வாங்கடி

கண்டி டவுனில் மூன்று பேர் சேர்ந்து போகும் அளவுக்கு நடைபாதை இருக்கிறது. அதிலும் அக்கா முன்னால், நான் பின்னால் என்றுதான் போகிறோம். "எறும்பு மாதிரி போறீங்களே, சித்தி" என்று அக்கா மகள் சிரித்தாள். இந்தியாவில் நான் இருக்கும் கூடலூரில் நம்ம சனத்துக்கு இது புரியும். ஐம்பது வருடமாக ஆளுக்கொரு நாட்டில் இருந்தும் எங்கள் நடை மாறவில்லை.

கம்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பாதை ஒரு பாதம் அகலம். "செதறாம வாங்கடி!" என்று கங்காணி கத்துவார். நிரையை விட்டு விலகினால் செதறுவது. கூடை சாய்ந்து கொழுந்து கொட்டினாலும், ஆடுகள் கண்ட பக்கம் ஓடினாலும் அதே சொல்தான். முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். பின்னால் வருகிறவளின் காலடி கேட்கும், அது போதும். பிறகு அக்கா புருஷனுக்கு இந்த நாட்டில் பிரஜாவுரிமை கிடைத்தது. அம்மாவுக்கும் எனக்கும் இந்தியா என்று வந்தது. கப்பலேறினோம். அங்கே கொடுத்த காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்' என்று போட்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்து எழுத்துக்கூட்டி அம்மாவுக்கு வாசித்தேன். "எங்கடி திரும்புனோம்? செதறிட்டோம்னு எழுதச் சொல்லு" என்றாள்.

இந்தமுறை வந்த நாளிலிருந்து கம்பளைக்குப் போகலாம் என்கிறேன். "அங்க யாரு இருக்கா?" என்று அக்கா தள்ளிப்போடுகிறாள். நாளை மறுநாள் எனக்குப் பயணம்.

நேற்று மார்க்கெட் பக்கம் நல்ல கூட்டம். முழங்கால் வலியோடு அக்காவின் முதுகைப் பார்த்தே நடந்தேன். நிமிர்ந்தால் அது வேறொருத்தியின் முதுகு. பஸ் இரைச்சலில் என் காலடி நின்றது அக்காவுக்குக் கேட்டிருக்காது. தொலைந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"என்னம்மா தேடுறீங்க? இந்தியாவா?" என்றார் துணிக்கடை முதலாளி ஒருவர்.

இந்தியா என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கம்பளை" என்றேன்.

"அந்தா நிக்கிது கம்பளை பஸ். ஓடுங்க, எடுக்கப்போறான்!"

அது என் ஊர், போகிற இடமில்லை என்று அவருக்குச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பஸ்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஏறவும் இல்லை, விலகவும் இல்லை. ஒரு பஸ் போனது, அடுத்தது வந்து நின்றது.

அக்கா மூச்சு வாங்க வந்தாள். "இங்கதான் நிப்பேன்னு தெரியும். என்னைய விட்டுட்டு ஊருக்கு ஓடப்பாத்தியாடி?"

"நீதான் திரும்பியே பாக்கலையே."

அவள் என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "இனி நீ முன்னால போ."

எனக்கு வழி தெரியாது. "சோத்தாங்கைப் பக்கம்... இப்ப நேரா..." என்று பின்னாலிருந்து அவள் சொல்லச் சொல்ல, பிறந்த சீமையில் நான் முன்னால் நடந்தேன். நாலு எட்டுக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.