ஹெப்சிபாவின் சுண்டக்கறி

கொடைக்கானல் ஏழு ரோட்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் பிளம் கேக் வெட்டிக் கட்டிக் கொடுக்கும் ஹெப்சிபாவை ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகத்தில் வெள்ளைப் பவுடரை அப்பிக்கொண்டு, கொத்துப் பரோட்டா போடுவதுபோல் பியானோவை அடித்துப் பாடிய ஹெப்சிபாவைத் தெரிந்தவர்கள் குறைவு.

அப்பா பரமானந்தம் ஆலயத்தில் மணியடிப்பவர். அவர் பெஞ்சுகளைத் துடைக்கும் நேரத்தில் மகள் அங்கிருந்த பியானோவில் தானாகவே கீர்த்தனைகள் வாசிக்கப் பழகினாள். பூம்பாறைக்காரன் எல்வின் சுற்றுலா வேன் ஓட்டுவான், கல்யாணங்களில் டிரம்ஸ் வாசிப்பான். ஒரு கல்யாணத்தில் பாடகர் வராமல் போகவே இவர்கள் இருவரும் மேடையேறி, மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டலடித்து அங்கேயே ஒரு பாட்டுக் கட்டிப் பாடினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து மைக்கைப் பிடுங்கினார். அடுத்த வருஷம் இவர்களுக்குக் கல்யாணம் நடந்தது.

பூம்பாறையில் பூண்டு போட்டு வைக்கும் கொட்டகையில்தான் பயிற்சி. சத்தம் பொறுக்காமல் எல்வினின் அம்மா ஒருநாள் சொன்னார், "ஈர வெறகாட்டம் பொகையத்தான் செய்யிறீங்க, எரியக் காணோம்." அதையே குழுவின் பெயராக்கிக்கொண்டார்கள். ஈர விறகு. ஆட்கள் மொத்தமே இரண்டு பேர். தேனிலவுக்கு வந்த இடத்தில் அடித்துக்கொள்ளும் ஜோடி, லாட்ஜில் கக்கூஸ் கழுவும் பெண், சீசனில் மட்டும் சிரிக்கிற முதலாளி என்று பாடினார்கள். பெங்களூரில் கேட்டவர்கள் இதற்குப் பங்க் கேபரே என்று பெயர் சொன்னார்கள். சபையில் ஒரு அக்கா அப்படியென்றால் என்னவென்று கேட்டதற்கு ஹெப்சிபா, "நாடகத்துப் பபூனும் குழாயடியில சண்டை போடுறவளும் சேர்ந்து பாடுனா எப்படி இருக்கும்? அதுதான்க்கா" என்றாள்.

ஒரு ஆல்பம் வந்தது. கொச்சி, புதுச்சேரி என்று கூப்பிட்டார்கள். இரண்டாவது ஆல்பத்துக்காக வீட்டிலேயே பதிவு செய்துகொண்டிருந்தபோது ஹெப்சிபா வாயும் வயிறுமாக இருந்தாள்.

ஐப்பசி மழை. வெளியே போக முடியாத ஒரு மதியத்தில் அவள் பியானோவை மெல்ல வருடியபடி வாய்க்கு வந்ததைப் பாடினாள். "வெரசா வராதே கண்ணு, வெளியெல்லாம் மழையா கெடக்கு." எல்வின் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு அவள் வயிற்றில் விரல்களால் தாளம் போட்டான். உள்ளேயிருந்து ஒரு உதை. "ஏய், எதிர்த்தாளம் போடுறா பாரு!" என்று அவன் கத்தியதும், இருவரும் சிரித்ததும் அப்படியே பதிவாகிவிட்டன.

அடுத்த மாதம் ஒருநாள் விடிகாலையில் வலி எடுத்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். எல்வின்தான் வேனை ஓட்டினான், அவள் அப்பாவும் கூட வந்தார். மலைப்பாதையில் பெரிய மரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. பின்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டதால் திரும்பவும் வழியில்லை. எல்வின் கொட்டும் மழையில் இறங்கி வெறுங்கையால் கிளைகளை இழுத்தான். மரத்தை அறுத்து வழி விட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் துடிப்பு நின்றிருந்தது. பெண் குழந்தை.

அதன்பின் எல்வின் குச்சியைத் தொடவில்லை, வேனையும் விற்றுவிட்டான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் பேச்சில்லாமல் கொஞ்ச காலம் இருந்தார்கள். பிறகு அவன் மலையிறங்கிப் பழனி பக்கம் பாலசமுத்திரத்தில் பஞ்சர் கடை போட்டான். சண்டை எதுவும் நடக்கவில்லை. அவள் போகாதீங்க என்று சொல்லவுமில்லை.

வருஷங்கள் ஓடின. போன கோடையில் பெங்களூரிலிருந்து ரம்யா என்கிற பெண் பேக்கரியைத் தேடி வந்தாள். சிறிய இசை நிறுவனம் நடத்துபவள்.

"உங்க முதல் ஆல்பத்தை எங்க பசங்க இன்னும் தேடித் தேடிக் கேக்குறாங்க மேடம். வெளிவராத பாட்டு, பாதியில விட்டது, எங்கயும் கிடைக்காதது, எது இருந்தாலும் சேர்த்துப் போடலாம். ஆனா ரெண்டு பேரும் சம்மதிக்கணும்."

பழைய லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு ஹெப்சிபா பழனி பஸ் ஏறினாள்.

எல்வின் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே நின்றான்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. ஒரு சோலியா வந்தேங்க."

ரம்யா கேட்டதைச் சொன்னாள். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் லேப்டாப்பிலிருந்த பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். லாட்ஜ் முதலாளி பாட்டில் அவள் வரியை மறந்து பியானோவையே திட்டுகிற இடம் வந்ததும் எல்வின் சிரித்துவிட்டான். கல்யாண வீட்டில் மறுநாள் மிஞ்சிய குழம்பு, காய் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிச் சுண்ட வைப்பார்களே, அதுபோல இருக்கிறது என்றான். "சுண்டக்கறின்னே பேர் வச்சுருவோம்." அவளும் சிரித்தாள். தங்கள் வீட்டில் இருப்பதுபோல ஒரு நிமிஷம் இருந்தது.

அப்போதுதான் அந்த மழைப் பாட்டு வந்தது.

உதைபட்டதும் தான் கத்துகிற இடத்தில் எல்வின் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். பாட்டு முடிந்தது.

"இது மட்டும் வேண்டாம் ஹெப்சி."

"ஏன்? அவ இருந்தாங்குறதுக்கு வேற என்னங்க இருக்கு நம்மகிட்ட? ஒரு போட்டோ உண்டா? பேராவது வச்சோமா?"

"ஊர்ல கண்டவனெல்லாம் கேப்பான்."

"கேக்கட்டுமே. ஒரு பிள்ளை இருந்துச்சுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "ஆஸ்பத்திரியில தூக்கிட்டு வந்து நீட்டுனாங்க. நான் வாங்கலை. வெளிய ஓடிட்டேன். உங்கப்பாதான் வாங்குனாரு. என் கை அந்தப் பிள்ளை மேல பட்டது உன் வயித்துல தாளம் போட்ட அன்னிக்கு மட்டுந்தான், இந்தப் பாட்டுல."

ஹெப்சிபாவுக்கு இது தெரியாது. அன்று அவள் மயக்கத்தில் இருந்தாள். அப்பாவும் சாகும்வரை சொல்லவில்லை. இத்தனை வருஷமும் அவன் மறந்துவிட்டுப் போனதாகவே நினைத்திருந்தாள். எழுந்துபோய் அவன் முதுகில் கைவைத்தாள். அவன் உடம்பு குலுங்கியது. வாசலில் யாரோ டயரை உருட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டும் அவன் போகவில்லை.

கிளம்பும்போது அவளே சொன்னாள். "அதைப் போடலைங்க." அந்தப் பாட்டைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னான் எல்வின். ஏற்றிக் கொடுத்தாள். "மேல வாங்களேன்" என்றாள். "பாப்போம்" என்றான். பஸ் வரும்வரை இருவரும் நிறுத்தத்தில் நின்றார்கள்.

ரம்யாவிடம் அந்தப் பாட்டு ஒன்றை மட்டும் தர முடியாது என்றாள். பேக்கரிக்கு வந்த அன்றே எல்லாப் பாட்டையும் போட்டுக் கேட்டிருந்த ரம்யா கெஞ்சிப் பார்த்தாள். "மேடம், இருக்கிறதுலயே அதுதான் நல்ல பாட்டு."

"அது எங்க ரெண்டு பேருக்கும்மா."

கார்த்திகையில் 'சுண்டக்கறி' வெளிவந்தது. யாரார் கேட்டார்களோ, பெங்களூர்ப் பக்கமிருந்து வந்த சில பிள்ளைகள் பேக்கரியில் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் சாயங்காலம் எல்வின் போன் செய்தான்.

"முழுசும் கேட்டேன். மூணாவது பாட்டுல நான் தாளம் தப்பியிருக்கேன்."

"நீங்க எதுலதான் தப்பலை?"

சிரித்தான். அப்புறம் மலையில் மழை பெய்கிறதா என்று கேட்டான். பெய்கிறது என்றாள்.

"சரி, வச்சுடுறேன்."

அதன்பின் அவனிடமிருந்து போன் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருவானோ என்று அவள் ஒரு கேக்கை எடுத்து வைத்திருந்தாள். புதுவருஷம் பிறந்த பின் அதை வெட்டி, கடையில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டாள்.