அண்ணன் விழுந்த படித்துறை

அண்ணன் உள்ளங்கையிலிருந்த எள்ளும் தண்ணீரும் காவிரியில் விழும் முன்பே முதல் அடி விழுந்தது. அவன் என் பெரியம்மாவின் ஒரே மகன். பெரியப்பா இறந்தபின் வந்த முதல் ஆடி அமாவாசை அது. எங்கள் தெருக்காரர்கள் முன்னோருக்கு நீர் இறைப்பது வயலோர வாய்க்காலில்தான். படித்துறை எங்களுக்கில்லை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "அப்பா ஆயுசு முழுக்க இந்த ஆத்துத் தண்ணியிலதான் நடவு பாத்தாரு. அவருக்கு இங்க குடுக்காம வேற எங்க குடுக்கிறது?" என்று சொல்லித்தான் அண்ணன் என்னையும் அழைத்துக்கொண்டு இறங்கினான்.

பின்மண்டையில் சவுக்குக் கட்டை இறங்கியது. மண்டியிட்டுச் சரிந்தவனை ஊர்த்தெரு ஆட்கள் மறுபடியும் அடித்தார்கள். முகம் கல்லில் மோதிப் பல் தெறித்தது. குறுக்கே விழுந்த என் தோள் எலும்பு முறிந்தது. முடியைப் பிடித்து அவனைத் தண்ணீருக்குள் அமுக்கினார்கள். புதுவெள்ளம் ஏற்கெனவே செம்மண் நிறத்தில் ஓடியதால் ரத்தம் தனியாகத் தெரியவில்லை. பக்கத்தில் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கரையேறிப் போனார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அண்ணன் உயிர் போய்விட்டது.

மறு வருடம் பெரியம்மா, மகனுக்கு எள் இறைக்க அதே இடத்துக்குத்தான் போவேன் என்றாள். போலீஸ் காவலோடு போனோம். கட்டையால் அடித்தவன் ஜாமீனில் வந்து, தன் அப்பாவுக்கு நீர் இறைக்கக் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தான். நான் மேல்படியிலேயே நின்றுவிட்டேன். பெரியம்மா நேராக அவனிடம் போய், "நகருப்பா. எம்புள்ள விழுந்தது நீ நிக்கிற எடத்துலதான்" என்றாள். அவன் கையிலிருந்த எள்ளோடு மேலேறிப் போனான்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அதன்பின் எங்கள் தெருவே அங்கு வரத் தொடங்கியது. பிறகு வெளியூர்க்காரர்களும் வந்தார்கள். இந்த வருடம் கும்பகோணத்திலிருந்து வந்த தம்பதியிடம் எள் விற்பவள், "அகாலமா போனவங்களுக்கு இந்தப் படிதாங்க விசேஷம். ஆதி காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியம்மா என் கையை அழுத்தினாள். கும்பகோணத்துப் பெண்ணைப் பார்த்து, "யாரும்மா போனது?" என்று கேட்டாள்.

"பையன். பைக்குல போனான்."

பெரியம்மா அவள் கையைப் பிடித்து, மெல்லக் கடைசிப் படிக்கு இறக்கிவிட்டாள்.