தொட்டியை இன்னும் பார்க்கவில்லை

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அந்தப் படிப்பு கிடையாது. மகள் சொல்லிப் புரிந்தவரைதான்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாங்கள் மோட்டார் ஸ்டார்ட்டரை ‘ஆட்டோ’ நிலையில் வைத்துவிட்டுத்தான் வெளியூர் போவோம். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். சித்தூர் கல்லூரியில் படிக்கும் மகள், அதற்குப் பதிலாக ஒரு பெட்டி செய்து மாட்டினாள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மட்டும் அது மோட்டாரை ஓட்டும். தண்ணீரின் அளவை வைத்துக்கொள்ள அவள் புரோகிராமில் ஒரு வேரியபிள் இருந்தது.

"மொதல்ல அதுல என்ன இருக்கும் அம்மிணி?"

"நான் ஒண்ணும் போடலீங்கப்பா. அதுவே சைபர் போட்டுக்கும்."

வசதிதான் என்று நினைத்தேன்.

கோடையில் பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணம். மூவரும் பஸ்ஸில் போகும்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன் செய்தார். "ஏனுங்க மாப்ள, இங்க கரண்டு போயிருச்சு. உங்க புள்ள பொட்டி காத்துல ஓடுமுங்களா?"

கேட்டுச் சிரித்த மகள் சட்டென்று நிறுத்தினாள். "அப்பா, கரண்டு திரும்பி வந்தா பொட்டி புதுசா ஆரம்பிக்கும். அளவு சைபர்னு இருக்கும். அரை மணி கழிச்சுத்தான் தொட்டியப் பாக்கும். அதுவரைக்கும் மோட்டார ஓட்டீருமுங்க."

தொட்டியில் தண்ணீர் இல்லை என்பது வேறு, இன்னும் பார்க்கவில்லை என்பது வேறு. அந்தப் பெட்டிக்கு இரண்டும் சைபர். காலையில்தான் தொட்டியை நிரப்பி, போர்வெல்லை வற்ற இறைத்திருந்தோம். தண்ணீரில்லாமல் அரை மணி ஓடினால் மோட்டார் புகைந்துவிடும். தென்னைக்கு அந்த ஒரு போர்தான். மோட்டார் ரூம் சாவியோ என் பையில்.

"எறங்குங்க ரெண்டு பேரும்," என்றாள் மனைவி. "இந்த மூஞ்சியோட வந்தா கல்யாணமா எழவான்னு கேப்பாங்க."

திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் கடைகளைப் பார்த்தபடி வந்தேன். ஒரு பேக்கரியில் ஃபேன் சுற்றியது. அவளுக்குக் காட்டினேன்.

"இன்வெர்ட்டரா இருக்குமுங்கப்பா." மகளின் குரல் சரியாக இல்லை.

"தானா சைபர் போடாம இருந்திருந்தா?"

"அதுல பழைய குப்பை நம்பர் ஏதாச்சும் கெடந்திருக்கும், அது இன்னும் மோசம். ‘நீ ஒண்ணும் சொல்லலையே’ன்னு எழுதறப்பவே கம்ப்யூட்டர் நிறுத்திக் கேட்டிருந்தா தப்பிச்சிருப்பேன். சில புரோகிராம் மொழி அப்படிக் கேக்குமுங்கப்பா."

தோட்டத்துக்கு வந்தபோது கரண்ட் இன்னும் வரவில்லை. மெயினை அணைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவள் லேப்டாப்பை மடியில் வைத்து, ‘தெரியாது’ என்பதற்கு ஒரு அளவைத் தன் கையாலேயே எழுதிப் பெட்டியில் ஏற்றினாள். அது மாறும்வரை மோட்டார் ஓடக் கூடாது.

கரண்ட் வந்தது. மெயினைப் போட்டேன். பெட்டியில் விளக்கு சிமிட்டியது. மோட்டார் சத்தம் இல்லை.

"சுவிச்சுல இருந்து கைய எடுங்கப்பா."

"அரை மணி ஆகட்டும்," என்றேன்.