குரல் போன நேரம்

மூச்சு விடுவதையே ஒரு வேலையாகச் செய்தவள் நான். இரண்டு மூக்குத் துவாரங்களிலும் சதை வளர்ந்து அடைத்திருந்தது. சைனஸ் (மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் இருக்கும் காற்றறைகள்) முழுக்கச் சளி. பொகவந்தலாவைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்க மலை ஏறும்போது வாயைத் திறந்தபடியே ஏறுவேன். "கரையில போட்ட மீனு மாதிரி இருக்க" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். படுத்தால் மூச்சு முட்டி நான் எழுந்து உட்காரத் தொடங்கிய பிறகு கேலியை நிறுத்திவிட்டார்.

மூக்குச் சதையை எடுக்கும் சத்திரசிகிச்சைக்கு முன்பு, மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரம்மா வந்து தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். முடியவில்லை.

"கழுத்துல அடி ஏதும் பட்டுச்சா?"

"இல்லீங்க. கொழுந்துக் கூடைக் கயித்தத் தலையில மாட்டி மாட்டி இப்புடி ஆயிருச்சி."

அவர் முகம் மாறியது. தூங்கவைத்த பிறகு மூச்சுக்குழாயில் டியூப் வைத்து மெஷினோடு இணைப்பது வழக்கமாம். கழுத்து வளையாவிட்டால், தூங்கிய பிறகு டியூப் இறங்காமல் மூச்சு நின்றுவிடலாமாம். விழித்திருக்கும்போதே வைக்க வேண்டும் என்றார்.

"வேணாங்க, வீட்டுக்குப் போயிருவோம்" என்று வீட்டுக்காரரிடம் அழுதேன்.

"போனா மட்டும் மூச்சு வந்துருமா புள்ள?" என்றார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

ஒப்பரேஷன் தியேட்டரில் தொண்டை மரத்துப்போக மருந்து தெளித்தார்கள். கமெரா வைத்த மெல்லிய குழாய் வாய்வழியாக இறங்கியது. அதன்மேல் கோத்திருந்த டியூபும் பின்னாலேயே இறங்கியது. இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. போதும், எடுத்துவிடுங்கள் என்று கத்தினேன். சத்தம் வரவில்லை. மறுபடியும் கத்தினேன். செத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

டொக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தம் வராதும்மா, பயப்படாதீங்க. டியூப் குரல்நாண் ரெண்டுக்கும் நடுவுல போயிருச்சு. சரியான இடத்துலதான் இருக்கு. மூச்சு விடுங்க."

விட்டேன். மூச்சு வந்தது. அதற்குப் பிறகு எதுவும் தெரியாது.

முன்பே இதை அவர் சொல்லியிருந்தாராம். பயத்தில் என் காதில் ஏறவில்லை. உங்களுக்கும் இந்த நிலை வந்தால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சத்தம் நின்றால் மூச்சு நின்றுவிட்டதாக அர்த்தமில்லை. ஆனாலும் கொடுமைதான். அதை நான் மறைக்கப் போவதில்லை.

விழித்தபோது மூக்கு நிறைய அடைப்புத் துணி. அதை எடுத்த பிறகு மூக்குவழியே காற்று ஏறியது. குளிர்ந்த காற்று, வலித்தது. சதை திரும்பவும் வளரலாம் என்றிருக்கிறார்கள். வளர்ந்தால் மறுபடியும் அதே டியூப்.

காலையில் கண் விழித்ததும் முதலில் "இந்தாங்க" என்று கூப்பிட்டுப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் வீட்டுக்காரர், "என்னா வேணும்?" என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை.

"கேக்குது புள்ள" என்கிறார்.

அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை அப்புறம்தான் விடுகிறேன்.