மாலை போட்ட போட்டோ

என் வீட்டுக்காரர் யாகப்பன் ஸ்ரீபெரும்புதூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். சினிமாப் பைத்தியம். ஸ்டூடியோவை என் தலையில் கட்டிவிட்டுக் கோடம்பாக்கம் போனார். பத்து வருஷம் ஸ்டில் எடுத்து, எழுபத்திரண்டாம் வருஷம் ஒருவழியாக டைரக்டர் ஆனார்.

கதாநாயகியின் செத்துப்போன அப்பா படம் சுவரில் தொங்க வேண்டுமாம். "நல்ல கம்பீரமான மூஞ்சியா ஒண்ணு குடுத்தனுப்பு மேரி" என்று ஆள் அனுப்பினார். நானும் பழைய பெட்டியைக் கிளறி, பென்னலூர் லாரி டிரைவர் முனிரத்தினத்தின் படத்தைக் கொடுத்தேன். முறுக்கு மீசை. மாலை போடுவார்கள் என்று தெரியும். அந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி இருப்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு புத்திசாலி நான்!

படம் எங்கள் ஊர் டென்ட் கொட்டகைக்கு வந்தது. முதல் ஆட்டத்துக்கு ஊரே திரண்டது. இவர் புது ஜிப்பாவோடு நாற்காலியில். நான் பெண்கள் பக்கம் மணலில். என் பக்கத்தில் முனிரத்தினத்தின் மனைவி ரத்னா. அஸ்ஸாமுக்கு லோடு ஏற்றிப்போன புருஷனிடமிருந்து மூன்று மாசமாகக் கடுதாசி இல்லை என்று புலம்பினாள். அப்போதுதான் எனக்குச் சொரேர் என்றது. வாயைத் திறப்பதற்குள் திரையில் முனிரத்தினம் வந்துவிட்டார். பொட்டு, மாலை, ஊதுபத்தி.

"ஐயோ, மாலை போட்டுட்டாங்களே!" என்று அலறித் தாலியைப் பிடித்து இழுத்தாள். கயிறு அறுந்து மணலில் விழுந்தது.

இவர் ஓடிவந்தார். "அது சும்மா சினிமாம்மா! நம்ம ஸ்டூடியோ போட்டோ!"

"இன்னாத்துக்கு மறைக்கிற? உனக்குச் சேதி வந்துகீது!"

யார் சொல்லியும் அவள் நம்பவில்லை. பன்னிரண்டு நாள் பொட்டில்லாமல், சோறில்லாமல் கிடந்தாள். நான்தான் காரணம் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

பதின்மூன்றாம் நாள் முனிரத்தினம் லாரியோடு வந்து இறங்கினார். வெள்ளத்தில் பாதை போய் மாட்டிக்கொண்டாராம். மறுநாள் காலையில் எங்கள் ஸ்டூடியோ வாசலில் நின்றார். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"வெள்ளிக்கெழம கோயில்ல மறுபடியும் தாலி கட்றேன். நீயே வந்து போட்டோ புடி" என்று இவரிடம் சொன்னார்.

இவர் காமிராவோடு போனார். நானும் போனேன். ரத்னா புதுத் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு லென்ஸையே பார்த்தாள்.

"இதையும் எங்கனா மாலை போட்டு மாட்டிடுவியா அண்ணே?"

இவர் அன்று சாயங்காலமே படத்தைக் கழுவி, நெகட்டிவையும் சேர்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் கோடம்பாக்கத்துக்குப் பஸ் ஏறவே இல்லை.