சத்தம் போன மோட்டார் சைக்கிள்

இன்று காலை வீட்டிலேயே என் மோட்டார் சைக்கிளின் வால்வு இடைவெளியைச் சரிசெய்தேன். சவர பிளேடை நுழைத்து அளந்த கைவேலை. வெள்ளைக்கார இன்ஜினியர் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவான். இன்ஜினில் இருந்த டக்டக் சத்தம் அடியோடு போயிற்று.

நேரே கோச்சடைக்கு விட்டேன். பிரசவத்துக்குப் போன என் சம்சாரம் அங்கேதான் தாய்வீட்டில் இருக்கிறாள்.

அழைக்காமல் மாப்பிள்ளை உள்ளே போகலாமா? தெருவோடு போவேன். டக்டக் கேட்டு ஜன்னலுக்கு வருவாள். மாதக்கணக்கில் எங்கள் குடித்தனம் அவ்வளவுதான்.

இன்று ஜன்னல் திறக்கவில்லை. திரும்பி வந்தபோதும் திறக்கவில்லை.

தெருமுனையில் மச்சினன் மறித்தான். "என்ன மச்சான், பூனை கணக்கா போறீக? அக்கா விடிஞ்சதுலருந்து காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

வீட்டுக்கு வந்ததும் வால்வு நட்டை மறுபடி தளர்த்திவிட்டேன். நாளை கோச்சடையே அதிரும்.

சிரிக்கிறவர்கள், சம்சாரத்தைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து சிரியுங்கள்.