கிழக்கு வாசலுக்கு அந்தப் பக்கம்

லியன்ஷாங் செத்துக் கிடந்தாள். கன்னத்தில் அப்பியிருந்த சிவப்புப் பாகில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. விரட்டக் கூடாது. பக்கத்தில் கிடந்த பிணத்திடம் உதட்டை அசைக்காமல் கேட்டாள்:

"ஏம்ப்பா, நம்மள யாரு கொன்னது?"

"எனக்கென்னக்கா தெரியும்? குதிரை வரும்போது கால மடக்கிக்கச் சொன்னாங்க. அவ்வளவுதான்."

"நாம ராஜா பக்கமா, எதிரி பக்கமா?"

"அக்கா, செத்தவங்க பேசக் கூடாது."

சினிமாவும் தொடரும் எடுக்கிற ஊரான ஹெங்தியனில் தினமும் விடிந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் சிப்பாயாகவும் பிச்சைக்காரர்களாகவும் அரண்மனைப் பணிப்பெண்களாகவும் மாறி, பொழுது சாய்ந்ததும் மனிதர்களாக வீடு திரும்புகிறார்கள். அவர்களில் யாரும் கதை என்னவென்று கேட்பதில்லை. நிற்கச் சொன்னால் நிற்பார்கள், ஓடச் சொன்னால் ஓடுவார்கள். லியன்ஷாங் மட்டும் கேட்பாள். தூக்குக்குப் போகிறவன் என்ன செய்தான், ராணி ஏன் கோப்பையைத் தட்டிவிட்டாள், அப்புறம் என்ன ஆச்சு என்று விடாமல் கேட்பாள். உதவி இயக்குநர்கள் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே "அப்புறம் அக்கா வந்துட்டாங்க" என்று தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

அது சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட குணம். அவள் பிறந்த மலை ஊருக்கு வருஷத்துக்கு ஒருமுறை நாடகக் குழு வரும். கதாநாயகியைச் சிறையில் அடைக்கிற நேரம் பார்த்து, பன்றிக்குத் தீனி வைக்க வேண்டுமென்று அம்மா காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போய்விடுவாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றுபோனது. பிறகு ஹெங்தியன்காரன் பாவ்கென்னைக் கட்டிக்கொண்டாள், ஒரு மகளைப் பெற்றாள், காந்தம் செய்கிற தொழிற்சாலையில் கண் மங்கும்வரை வேலை பார்த்தாள். அங்கிருந்து விலகியபோது அவளுடைய பழைய நெல் வயலின் மேல் ஓர் அரண்மனை எழுந்து நின்றது. அதற்குள் நுழைந்து பார்க்க ஆசைப்பட்டாள். வேஷம் போட்டுக்கொண்டால் சும்மாவே உள்ளே விடுவார்கள் என்றார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது.

'மாதுளை மாளிகை' என்ற தொடரில்தான் அவளுக்கு முதல்முதலாக வசனம் கிடைத்தது. இளவரசியின் செவிலித்தாயாக நடிக்க வேண்டியவளுக்கு அன்று காலையில் வயிற்றைக் கலக்கிவிட்டது. உதவி இயக்குநர் கூட்டத்தைப் பார்த்து, "அந்தக் கடைசியில நிக்கிற அக்கா, நீங்க வாங்க" என்றார். ரப்பர் குழாயிலிருந்து கொட்டிய மழையில் ஓடிவந்து, இளவரசியின் முன்னால் முட்டி போட்டு அவள் சொல்ல வேண்டியது இதுதான்: "இளவரசி, உங்கள் தாயார் சொல்லி அனுப்பினார். என்ன நடந்தாலும் கிழக்கு வாசலைத் திறக்காதீர்கள்."

லியன்ஷாங்குக்கு வாயில் வருவது உள்ளூர்ப் பேச்சு. டிவியில் பேசுகிற மாதிரி அவளுக்குப் பேச வராது. கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு அந்த இரண்டு வரியையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். படம் பிடித்தபோது நாக்கு பிசகவில்லை. சொல்லி முடித்தபோது, இளவரசி அழுதுகொண்டிருந்தாள். கண்ணில் மருந்து விட்டுக்கொள்ளாத அழுகை. இயக்குநர் "சரி, அடுத்தது" என்று சொல்லிவிட்டார். கிழக்கு வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு உதவி இயக்குநர் கையிலிருந்த குடையை விரித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

தொடர் ஒளிபரப்பாக இரண்டு வருஷம் ஆனது. அதுவரை அவள் மனதில் அந்த வாசல் மூடியே கிடந்தது. துணி அலசும்போது நினைத்துக்கொள்வாள்: கொள்ளைநோயாக இருக்குமோ? படையாக இருக்குமோ? ஒருவேளை அம்மாக்காரியே கெட்டவளோ?

தொடர் வந்தது. தெருவே அவள் வீட்டில் கூடியது. முதல் வாரம் பூசணி விதை கொறித்தபடி எல்லோரும் பார்த்தார்கள். இளவரசி கால் தடுக்கி விழுந்தாள்; தலைநகரத்திலிருந்து வந்த தளபதி தாங்கிப் பிடித்தான்; இருவரும் மெல்லச் சுழன்றார்கள்; மாதுளம்பூ உதிர்ந்தது. மறுநாளும் விழுந்தாள். பிறகு குதிரையிலிருந்து விழுந்து பழையதெல்லாம் மறந்துபோனாள்.

"அந்த ஊர்ல ரோடே போட மாட்டாங்களா?" என்றான் பாவ்கென். "நடந்தா விழறா, நின்னா விழறா."

"கொஞ்சம் வாய மூடிக்கிட்டுப் பாருங்க. போகப் போக நல்லாருக்கும்."

போகப் போக மோசமானது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். இணையத்தில் கழுவிக் கழுவி ஊற்றினார்கள். இளவரசியாக நடித்தவளுக்குப் 'பலகை முகம்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். லியன்ஷாங் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

கடைசியில் மழைக் காட்சி வந்தது. அவள் ஓடிவந்தாள், முட்டி போட்டாள், வாயைத் திறந்தாள். குயில் போல ஒரு குரல் வந்தது: "இளவரசி, தளபதி உங்களுக்காகத் தோட்டத்தில் காத்திருக்கிறார்."

பாவ்கென் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனான். "அடியே, உனக்கு எப்ப இப்படிக் குரல் வந்துச்சு? வீட்லயும் இப்படியே பேசேன்!"

குரல் மாறியதில் அவளுக்கு வருத்தமில்லை. பெரிய நடிகர்களுக்கே வேறொருவர்தான் பேசுவார். அவளை அரித்தது வேறொன்று. காட்சியைத் திரும்பப் போடச் சொன்னாள்.

"பாருங்க, என் வாய் ஒண்ணு சொல்லுது, குரல் இன்னொண்ணு சொல்லுது. அந்தப் பொண்ணப் பாருங்க. காதலன் தோட்டத்துல நிக்கிறான்னு சொன்னா யாராச்சும் இப்படி அழுவாங்களா?"

"தளபதிய அவளுக்குப் பிடிக்கலையோ என்னவோ. எனக்கும்தான் பிடிக்கல."

கடைசி நாள்வரை பார்த்தாள். கல்யாணம் நடந்தது, மாதுளம்பூ உதிர்ந்தது. கிழக்கு வாசல் என்ற பேச்சே வரவில்லை. இளவரசியின் தாயார் சுவரில் ஒரு படமாகத் தொங்கினாள்.

மறுநாளே ஆள் சேர்க்கும் தரகர் ஹுவாங்கைப் போய்ப் பிடித்தாள்.

"அக்கா, தொடரே ஊத்திக்கிச்சு, எடுத்தவங்களே மறந்துட்டாங்க. உனக்கெதுக்கு அந்தக் கவலை?"

"கதைய எழுதினவங்க யாருன்னு மட்டும் சொல்லிடுப்பா."

ஹுவாங் தலையைச் சொறிந்தான். எழுதினவள் தாங் மான்யூ என்றும், இப்போது வேறொரு தொடருக்குத் திருத்தம் எழுதுவதற்காக இதே ஊரில்தான் தங்கியிருக்கிறாள் என்றும் சொன்னான். "பஸ் நிலையத்துக்குப் பின்னால நூடுல்ஸ் கடையில மத்தியானம் தனியா சாப்பிட்டுக்கிட்டு இருப்பா. கண்ணாடி போட்டிருப்பா. ஆனா கடிச்சுக் குதறுற மாதிரி பேசுவா, பார்த்துக்க."

மான்யூவுக்கு முப்பது வயது இருக்கலாம். கிண்ணத்துக்குள் முகத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். எதிரே போய் நின்ற லியன்ஷாங் 'மாதுளை மாளிகை' என்று வாயெடுத்ததுமே, "நான் எழுதல" என்றாள்.

"உன் பேர் போட்டாங்களேம்மா."

"ஏழு பேரோட பேர் போட்டாங்க. திட்டணும்னா மத்த ஆறு பேரையும் தேடிப் போங்க, ஆன்ட்டி. எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

"நான் திட்ட வரல. கிழக்கு வாசலுக்கு வெளிய என்ன இருக்குன்னு கேக்கத்தான் வந்தேன்."

மான்யூவின் சாப்பாட்டுக் குச்சி பாதியில் நின்றது.

"அந்த வரி உங்களுக்கு எப்படித் தெரியும்? அது ஒளிபரப்புல வரவே இல்லியே."

"அதச் சொன்னதே நான்தாம்மா. மழையில, முட்டி போட்டுக்கிட்டு."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எதிரே இருந்த முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். உட்காரச் சொல்கிறாள் என்று அர்த்தம்.

அவள் முதலில் எழுதியது காதல் கதையே இல்லை. எல்லைப்புறத்து ஒரு சின்ன ஊர், ஒரு தாய், ஒரு மகள். எதிரிப் படை நெருங்கும்போது, ஊர் மக்கள் ஆற்று வழியாகத் தப்பிக்க அவகாசம் கிடைக்கட்டும் என்று தாய் தானாகவே போய்ப் பிடிபடுகிறாள். தன்னைக் கிழக்கு வாசலுக்கு இழுத்துவந்து, மகளைக் கூப்பிட்டுக் கதறும்வரை அடிப்பார்கள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால்தான் செவிலியிடம் சொல்லி அனுப்புகிறாள்: என் குரலே கூப்பிட்டாலும் திறக்காதே.

"தளபதி?"

"தளபதி ஒரே ஒரு காட்சியில சேதி சொல்லிட்டுப் போற ஆள். பெரிய நடிகர் ஒத்துக்கிட்டதும் அவன் வளர ஆரம்பிச்சான். அவன் வளர வளர அம்மா சுருங்கிட்டா. கடைசியில சுவர்ல மாட்டிட்டாங்க."

லியன்ஷாங் முக்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அது கிடக்கட்டும். அப்புறம்? அம்மா வெளிய கத்துறா. திறந்தாளா?"

"திறக்கல. கதவுல முதுகச் சாய்ச்சு, காதப் பொத்திக்கிட்டு விடியற வரைக்கும் உட்கார்ந்திருந்தா."

லியன்ஷாங் மறுப்பாகத் தலையை ஆட்டினாள். "இல்லம்மா. திறந்திருப்பா."

"எழுதினவ நான் சொல்றேன், ஆன்ட்டி. திறக்கல."

"நீ எழுதின பொண்ணு திறந்திருக்க மாட்டா. நான் யார்கிட்டச் சொன்னேனோ அவ திறந்திருப்பா. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவ கண்ணு வாசல் பக்கம் போயிடுச்சு."

"யாரு, அந்தப் பலகை முகமா?" மான்யூ சிரித்தாள். ஆனால் கைபேசியை எடுத்து அந்தக் காட்சியைத் தேடினாள். அது வந்த அன்று, மாற்றிய வசனம் காதில் விழுந்ததுமே டிவியை அணைத்துவிட்டதாகச் சொன்னாள். இப்போது சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டுப் பார்த்தாள். குழாய் மழை கொட்டியது. செவிலியின் வாய் அசைந்தது. இளவரசியின் கண் ஒரு கணம் வாசல் இருந்த இடது பக்கம் போய் மீண்டது. அதன் பிறகுதான் அழுகை வந்தது. மான்யூ திரும்பப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் போட்டாள்.

"இந்தப் பொண்ணு வசனத்தப் படிச்சிருக்கா," என்றாள் மெதுவாக. "மொத்தக் கதையையும் படிச்சிருக்கா."

"அதான் நானும் சொல்றேன்."

"ஆனா திறந்தா ஊர் மொத்தமும் சாகுமே?"

"ஆமால்ல." லியன்ஷாங் இதை யோசித்திருக்கவில்லை. "அப்போ ஆத்துல போனவங்க எவ்வளவு தூரம் போயிருப்பாங்க?"

இருவரும் நூடுல்ஸ் ஆறுவதைக் கவனிக்கவில்லை. ஆற்றில் வெள்ளமா வறட்சியா, படகில் குழந்தைகள் எத்தனை பேர், செவிலி என்ன ஆனாள் என்று பேச்சு நீண்டது. செவிலியைப் பற்றி மான்யூ ஒன்றுமே யோசித்து வைத்திருக்கவில்லை. லியன்ஷாங்குக்கு அதுதான் பெரிய குறையாகப் பட்டது. கடைக்காரர் வந்து மேசையைத் துடைக்கத் தொடங்கிய பிறகுதான் எழுந்தார்கள்.

அந்தத் தொடரை யாரும் திருத்தி எடுக்கப்போவதில்லை. அடுத்த மாதமே வேறு மாளிகை, வேறு பூ என்று எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். மான்யூ எழுதிக்கொண்டிருந்த புதிய தொடரிலும் ஒரு தளபதி வளர்ந்துகொண்டிருந்தான். ஆனால் வேலை சலித்துப்போகும் நாட்களில் அவள் லியன்ஷாங் வீட்டுப் பக்கம் வரத் தொடங்கினாள். முன்னோரை வணங்கும் சிங்மிங் நாளில், லியன்ஷாங் கல்லறைகளைச் சுத்தம் செய்துவிட்டு வந்து பச்சை நிறக் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருந்தபோதும் வந்தாள். வெளியே தூறல்.

பெண்கள் இருவரும் மறுபடி கிழக்கு வாசலைப் பற்றிப் பேசுவதைக் கேட்டபடி பாவ்கென் மென்றுகொண்டிருந்தான். திடீரென்று கேட்டான்: "ஏம்மா, அந்த வாசல்ல திட்டிக் கதவு கிடையாதா?"

"என்னது, அங்கிள்?"

"பெரிய கதவுல ஒரு ஆள் குனிஞ்சு போற மாதிரி சின்னக் கதவு வைப்பாங்கல்ல. பெரிய வாசலத் திறக்காதேன்னுதானே அம்மா சொன்னா? ராத்திரி, மழை வேற. சின்னக் கதவு வழியா ஒருத்தி வெளிய போனா எவனுக்குத் தெரியும்?"

"போயி?" என்றாள் லியன்ஷாங். "தனியாப் போயி ஒரு படைய என்ன பண்ணுவா?"

"அது எனக்குத் தெரியாது. கதை எழுதறவங்க எதுக்கு இருக்காங்க?"

மான்யூ வாய் நிறையக் கொழுக்கட்டையோடு கையை உயர்த்தி, பொறுங்கள் என்று சைகை காட்டினாள். லியன்ஷாங் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.